லோரி நம்பரும் ரூட் பாஸ்வேர்டும்

“ஃபார்மெட் பண்ணிடலாம் பாஸ். மத்தியானத்துக்குள்ள புதுசா போட்டுத் தர்றேன்” என்று கம்ப்யூட்டர் கடை குமார் அண்ணன் எங்கள் முதலாளியிடம் சொன்னபோது நான் சர்வரை மறித்து நின்றேன்.

அந்தச் சர்வரில் இருந்தவை கிள்ளான் நகரக் கடைக்காரர்களின் வெப் பக்கங்கள். புடவைக் கடை, நகைக் கடை, கல்யாண மண்டபம் என்று ஒவ்வொன்றையும் நானே தட்டச்சு செய்து, படங்களை ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தேன். நகல் எடுத்து வைக்க டேப் டிரைவ் வாங்கி வைத்திருந்தோமே தவிர, ஒரு தடவைகூட பேக்கப் எடுத்ததில்லை. ஃபார்மெட் செய்தால் அத்தனையும் போய்விடும். தீபாவளி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

அன்று காலை எங்கள் அலுவலகம் இருந்த பிரிக்ஃபீல்ட்ஸில் கரண்ட் போய் வந்தது. சர்வர் எழுந்துவிட்டது, வெப் புரோகிராம் மட்டும் எழவில்லை. அதைக் கிளப்ப ரூட் பாஸ்வேர்டு, அதாவது சர்வரின் தலைச்சாவி, வேண்டும்.

அந்தப் பாஸ்வேர்டு அலுவலகத்தில் யாருக்கும் முழுசாகத் தெரியாது. எங்கள் முதலாளி ரஹீம் பாய் கிள்ளான் ஜவுளிக் குடும்பம். அவர்கள் கடைப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில். அதே வழக்கத்தைச் சர்வருக்கும் கொண்டுவந்துவிட்டார். முன்பாதி நான்கு எழுத்தை அவர் அடிப்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பின்பாதியை நான் அடிப்பேன். அவர் ஜன்னல் பக்கம் பார்ப்பார். எனக்கு அதில் தாங்க முடியாத பெருமை. அப்பா போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், சம்பளத்துக்குக் கைநாட்டு வைப்பவர். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போன என் கையில் பாதி ரூட் இருந்தது!

அந்த வாரம்தான் பாய் தன் பாதியை மாற்றியிருந்தார்.

“லோரி நம்பர்தான் போட்டேன் மாலா. திரும்பிக்க.”

அடித்தார். நானும் அடித்தேன். திறக்கவில்லை.

“பழைய லோரி இல்ல போல. புது லோரி.”

அதுவும் இல்லை.

“விபத்தாச்சே, அந்த லோரியா இருக்குமோ?”

“பாஸ், உங்களுக்கு மொத்தம் எத்தனை லோரி?” என்றார் குமார் அண்ணன்.

“கிண்டல் பண்ணாதலா!”

அதற்குள் போன். புடவைக் கடை ஆன்டி. “ஏம்மா, லண்டன்ல இருந்து என் மகன் கூப்பிடுறான். பக்கமே தொறக்கலையாம். கடைய மூடிட்டோமான்னு கேக்குறான்!”

“இதோ ஆன்டி, பார்த்துக்கிட்டே இருக்கோம்.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் குமார் அண்ணன் சிடியைக் கையில் எடுத்துவிட்டார். “அண்ணே, வேணாம். பாஸ், எனக்கு ஒரு சான்ஸ் கொடுங்க. பாஸ்வேர்டு இல்லாம உள்ள போகலாம். காலேஜ்ல பண்ணியிருக்கேன்.”

“சினிமா மாதிரி பேசுதே இந்தப் பொண்ணு” என்று அண்ணன் சிரித்தார். பாய் சிரிக்கவில்லை. “பண்ணு” என்றார்.

சுவிட்சில் கை வைக்கப் போன அண்ணனைத் தடுத்து, கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் அழுத்தி ஒழுங்காக ரீபூட் செய்தேன். LILO என்ற எழுத்து வந்ததும், பழுது பார்க்கும் முறையில் எழுப்ப linux single என்று அடித்தேன். ஓடி வந்து நின்றது. நின்ற இடத்தில் அதுவும் ரூட் பாஸ்வேர்டு கேட்டது!

“அதான் சொன்னேன்” என்றார் அண்ணன்.

மறுபடி ரீபூட். இந்த முறை linux init=/bin/sh. லாகின் கேட்காமல் நேராக ரூட்டின் அடையாளமான # குறி வந்து நின்றது. நான் கத்தியே விட்டேன். passwd என்று அடித்தேன். மாற்ற முடியாது என்றது. பிறகுதான் உறைத்தது: இப்படி நுழைந்தால் டிஸ்க்கைப் படிக்க மட்டுமே முடியும், எழுத முடியாது. mount -o remount,rw / என்று அடித்து, எழுத வழி செய்துவிட்டு, மறுபடி passwd. புதுப் பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டது! எழுதியது டிஸ்க்கில் பதிய sync கொடுத்து, டிஸ்க்கைப் பழையபடி படிக்க மட்டும் என்று ஆக்கிவிட்டு ரீபூட் செய்தேன். ரூட்டாக நுழைந்து வெப் புரோகிராமைக் கிளப்பினேன். புடவைக் கடைப் பக்கம் மேலிருந்து கீழாக மெல்ல விரிந்தது.

“யா அல்லா!” என்று பாய் மேசையைத் தட்டினார். உடனே முகம் மாறியது. “மாலா, அப்ப யாரு வேணாலும் இப்படி உள்ள வரலாமா?”

“கீபோர்டு கையில கிடைச்சா வரலாம் பாஸ்.”

சர்வர் அதுவரை முன்வாசல் கவுண்டர் பக்கத்தில், வருகிறவர்கள் குடை சாய்த்து வைக்கும் மூலையில்தான் இருந்தது. மூவரும் அதைப் பார்த்தோம்.

“இப்பவே உள் ரூமுக்குத் தூக்குங்கலா” என்று பாய் சட்டைக் கையை மடித்தார்.

“பொறுங்க பாஸ்” என்றேன். டேப்பைப் பிரித்து டிரைவில் போட்டு, பக்கங்களை நகலெடுக்க tar கொடுத்தேன். “இது முடியிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது.”

இன்று என்னிடம் புதிதாகச் சேரும் ஜூனியர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். தொலைந்த பாஸ்வேர்டை மீட்டுவிடலாம், தொலைந்த பக்கங்களை மீட்க முடியாது. உள்ளே நுழைந்ததும் முதலில் பேக்கப். முதலாளியே பக்கத்தில் காத்து நின்றாலும் சரி.

அன்று பாய் நின்றார். டேப் முடியும்வரை, மடித்த சட்டைக் கையோடு நின்றார்.