பேசாத கேசட்

எங்கள் வீட்டுக்கு அத்தா வந்ததைவிட அத்தாவின் குரல் வந்ததுதான் அதிகம். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவர் வளைகுடாவில் வேலை பார்த்த காலம் அது. சில வருடங்களுக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருவார். ஆனால் அங்கிருந்து கூத்தாநல்லூருக்கு யார் விடுமுறையில் கிளம்பினாலும் அவர்கள் கையில் ஒரு கேசட்டைக் கொடுத்துவிடுவார். பால் பவுடர் டப்பா, தலைவலித் தைலம், அத்தர் பாட்டில் ஆகியவற்றுக்கு நடுவே, உடையாமல் இருக்கத் துண்டில் சுற்றி, அந்தக் கேசட் வந்து சேரும். கடிதம் எழுதுவதென்றால் அத்தாவுக்குச் சோம்பல். பேசச் சொன்னால் பேசிக்கொண்டே இருப்பார்.

வீடு பெரியத்தாவின் பொறுப்பில் இருந்தது. அவர் அத்தாவின் அண்ணன். வீடு அவருடைய பொறுப்பு என்பதால் டேப் ரிக்கார்டரும் அவருடைய பொறுப்புதான். கேசட் வந்த அன்று சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து கூடத்தில் உட்காருவார். பெரியம்மா, அவர்களுடைய பிள்ளைகள், நான், சில சமயம் அண்டை வீட்டார் என்று எல்லோரும் சுற்றி உட்காருவோம். பெரியத்தா தொண்டையைச் செருமிவிட்டு, ஏதோ தானே பேசப் போகிறவர்போல, பட்டனை அழுத்துவார். அம்மா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருப்பாள்.

அத்தாவின் பேச்சுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பெரியத்தாவின் உடம்பு. பிறகு பெரியம்மாவின் மூட்டுவலி. பிறகு வயல். "வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சா? சம்பாவுக்கு நாத்து விட்டாச்சா?" என்று பாலைவனத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்பார். பிறகு கொல்லையில் நிற்கும் எருமை. "வீட்ல எல்லாரும் சொகமா இருங்க" என்று சொல்லி முடிக்கும்போது, கடைசியாக, எனக்கு ஒரு முத்தம். டேப்பில் அது 'பொச்சக்' என்று, யாரோ சேற்றிலிருந்து காலை உருவியதுபோலக் கேட்கும். அதற்காகத்தான் நான் வயலையும் எருமையையும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அம்மாவைப் பற்றித் தனியாக ஒன்றும் வராது. 'வீட்ல எல்லாரும்' என்பதில் அம்மாவும் உண்டு என்று நான் எடுத்துக்கொண்டேன். அண்ணன் முன்னால் மனைவியோடு பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டு ஆண்களுக்குக் கிடையாது. நாங்கள் பதில் கேசட் பேசும்போதும் அப்படித்தான். எல்லோரும் பேசி முடித்த பிறகு, கடைசியில் அம்மாவைக் கூப்பிடுவார்கள். அவள் குனிந்து, "நான் நல்லாருக்கேன், ஒடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விடுவாள்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அத்தா ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டார். நீடாமங்கலத்தில், ஸ்டேஷன் பக்கமாகப் பையும் குடையும் விற்கும் கடை ஒன்று போடுவதென்று முடிவானது. பக்கத்திலேயே மாடியில் இரண்டு அறை உள்ள வீடும் பார்த்தாயிற்று. அம்மா அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். தண்ணீர் வருமா, வெளிச்சம் இருக்கிறதா என்று பெரியம்மா கேட்டபோது, "அடுப்படி இருக்கு" என்று மட்டும் சொன்னாள். அதைச் சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்ததென்றால், பெருநாளுக்குப் புதுச்சேலை எடுத்த அன்றுகூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிட்டுப் போவது என்பதெல்லாம் அம்மாவின் கையில் இருந்தது. புது வீட்டில் இருந்தது ஒரே ஒரு சுவரலமாரி. அதை மனதில் வைத்துக்கொண்டு அவள் மடமடவென்று முடிவு செய்தாள். அத்தா கொண்டுவந்த பாட்டுக் கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. தெருப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்றாள். அத்தா மறுக்கவில்லை. "பாட்டு எங்க போனாலும் கேட்டுக்கலாம்" என்றார். ஒரே மதியத்தில் பெட்டி காலியாகிவிட்டது.

சிக்கல் வந்தது அத்தா பேசிய கேசட்டுகளில்தான். பெரியத்தா அவற்றைத் தன் மர பீரோவில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். நாங்கள் கிளம்புகிறோம் என்றதும், "ஓன் கொரலு, நீயே எடுத்துட்டுப் போப்பா" என்று ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டார். அத்தாவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மா முன்னால் வைத்தார்.

"இத வச்சா பாத்திரத்த எங்க வக்கிறது?" என்றாள் அம்மா.

"பாத்திரம் எப்ப வேணாலும் வாங்கலாம். இத வாங்க முடியுமா? நான் அங்க இருந்த காலமெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு."

"அங்க இருந்தது நீங்க. இங்க இருந்தது நாங்க. ரெண்டையும் சேத்து வைக்க அந்த அலமாரி பத்தாதுங்க."

அம்மா குரலை உயர்த்தவில்லை. அத்தாதான் திகைத்துப்போனார். அவர் திரும்பி வந்ததிலிருந்து அவள் எதற்கும் மறுத்துப் பேசி யாரும் கேட்டதில்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். எல்லாவற்றையும் ஒருமுறை போட்டுக் கேட்டு, நல்லதாக ஒன்றிரண்டு மட்டும் எடுத்துக்கொள்வது, மற்றதை விட்டுவிடுவது. அம்மா சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் அத்தாவும் நானும் கூடத்தில் டேப் ரிக்கார்டரை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பெரியத்தா வயலுக்குப் போயிருந்தார், நடவு நடந்துகொண்டிருந்தது. பெரியம்மாவும் பிள்ளைகளும் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். நான் அத்தாவின் கட்சி. ஒவ்வொரு கேசட்டிலும் எனக்கு ஒரு முத்தம் இருந்தது. எதையும் விட எனக்கு மனமில்லை.

முதலில் அத்தா ரசித்துத்தான் கேட்டார். தான் பேசியதற்குத் தானே தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் நெளிய ஆரம்பித்தார். "இங்க ஏசி ரூமு. சாப்பாட்டுக்கு ஒரு கொறயும் இல்ல" என்று டேப்பில் குரல் வந்தது.

"ஒங்க ரூம்ல ஏசி இருந்துச்சா அத்தா?"

"மொதலாளி ரூம்ல இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, கேசட்டை மாற்றினார்.

அடுத்ததில் நாற்று, வாய்க்கால், எருமை. அதற்கடுத்ததிலும் அதேதான். எருமை கன்று போட்டதா, என்ன கன்று, பால் எவ்வளவு கறக்கிறது, காலில் இருந்த புண் ஆறிவிட்டதா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அத்தா, இதுலயும் எருமையத்தான் கேக்குறீங்க!"

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அதுக்கென்ன கொறச்சல். நல்லாத்தான் இருந்துச்சு."

நான் இன்னும் பலமாகச் சிரித்தேன். அத்தா சிரிக்கவில்லை. அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, டேப்பை நிறுத்தினார். பிறகு அந்தக் கேசட்டையே பின்னால் ஓட்டி முதலிலிருந்து போட்டார். அது முடிந்ததும் முன்பு கேட்டு ஒதுக்கிவைத்தவற்றையும் எடுத்துப் போட ஆரம்பித்தார். இப்போது அவர் முழுதாகக் கேட்கவில்லை. கொஞ்சம் கேட்பார், ஓட்டுவார், மறுபடி கேட்பார். எதையோ தேடுகிறார் என்பது தெரிந்தது.

"என் முத்தம் கடைசில வரும் அத்தா" என்று நான் உதவி செய்தேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு அம்மா கூப்பிட்டபோதும் அவர் எழுந்திருக்கவில்லை. பெட்டியில் பாதிக்கு மேல் வெளியே வந்துவிட்டது. ஒரு கேசட்டில் மட்டும், எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, "அப்புறம்..." என்று குரல் நின்றது. டேப் சும்மா ஓடியது. எங்கோ ஒரு வண்டி ஹாரன் அடித்தது. "அப்புறம்... ஒண்ணும் இல்ல. வேற என்ன. எல்லாரும் சொகமா இருங்க. அஸ்ஸலாமு அலைக்கும்."

அத்தா அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். டேப் கெட்டுவிட்டதோ என்று நான் பயந்துபோனேன். அது கெட்டுப்போயிருந்தால் அதிலிருக்கும் முத்தமும் போய்விடுமே!

அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். நிலையில் நிற்காமல், நேராகத் தன் அறைக்குப் போய் எதையோ எடுத்துக்கொண்டு வந்தாள். சேலைகளுக்கு நடுவே வைத்திருந்த ஒரு கேசட். பெயர், ஊர் எதுவும் எழுதாத, ஓரத்தில் கீறல் விழுந்த பழைய கேசட்.

"எடுத்துட்டுப் போறதா இருந்தா இத எடுத்துக்கலாம்" என்றாள்.

"இதுல என்ன பேசியிருக்கேன்?"

"ஒண்ணும் பேசல."

அத்தா அதைப் போட்டார். முதலில் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு பாத்திரம் உருளும் சத்தம். தண்ணீர் ஊற்றும் சத்தம். தீக்குச்சி ஒன்று உரசி அணைந்தது, இன்னொன்று உரசியது, "சே" என்று அத்தாவின் குரல். வெங்காயம் நறுக்கும் 'டக் டக்'. ஒரு தும்மல். பிறகு சுருதி சேராத ஒரு முனகல். பாட்டு என்று சொல்ல முடியாது. பாட்டை மறந்தவர்கள் அப்படி முனகுவார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் ஒரு பெருமூச்சு. கட்டில் கிறீச்சிட்டது.

எனக்கு அந்தக் கேசட் ஞாபகம் வந்துவிட்டது. அத்தா ஒரு கேசட்டில் பேசி முடித்து அடுத்ததைப் போட்டுவிட்டு, மெஷின் ஓடுவதை மறந்துபோக, தானாகப் பதிவாகி, பேசிய கேசட்டோடு சேர்ந்து வந்துவிட்ட கேசட் அது. அது வந்த அன்று எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மறந்துட்டான், இது காலி" என்று பெரியத்தா கொஞ்ச நேரத்திலேயே நிறுத்திவிட்டார். அதன் பிறகு அது எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

அம்மா இப்போது டேப் ரிக்கார்டருக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். அதன் அருகே அவள் உட்கார்ந்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"இது எப்படி ஒங்கிட்ட வந்துச்சு?" என்றார் அத்தா.

"யாருக்கும் வேணாம்னு கெடந்துச்சு. எடுத்து வச்சேன்."

"ஒண்ணுமே பேசலியே இதுல."

"ஆமா" என்றாள் அம்மா. "யார்கிட்டயும் பேசல."

 கேசட் தானாக ஓடி முடிந்து 'டக்' என்று பட்டன் மேலே எழும்பும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பசித்தது. அதைச் சொல்லவும் செய்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் பெரியத்தா வயலிலிருந்து திரும்பியதும், அத்தா அந்த டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தார். பெரியத்தா காலில் சேற்றோடு நின்றபடி பார்த்தார்.

"ஏம்ப்பா, அங்க வைக்க எடம் இல்லியா?"

"எடமெல்லாம் இருக்குண்ணே. இதெல்லாம் ஒங்களுக்குப் பேசுனது. ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

பெரியத்தாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கால் கழுவிவிட்டு வந்து, ஒவ்வொன்றாக எடுத்து, பழைய வரிசையிலேயே பீரோவில் அடுக்கினார். எனக்குத்தான் ஆற்றாமை தாங்கவில்லை. அத்தனை முத்தங்களையும் பெரியத்தாவின் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, என் பெயரே வராத, இரைச்சலும் தும்மலும் மட்டும் உள்ள ஒரு கேசட்டை எடுத்துக்கொண்டு போகிறோம். இதில் என்ன நியாயம் இருக்கிறது? அழுதுகொண்டே அம்மாவிடம் கேட்டேன்.

"ஆளே வந்தாச்சு. அப்புறம் என்னடி கேசட்டுல முத்தம்?" என்று சொல்லிவிட்டு அம்மா பாத்திரங்களை மூட்டை கட்டப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து வண்டி வந்தது. சாமான்களைப் பின்னால் ஏற்றிவிட்டு, நாங்கள் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். அத்தா நடுவில், அம்மா ஜன்னலோரம், நான் அம்மாவின் மடியில். மன்னார்குடியைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் புதிதாக நட்ட வயல்கள். தண்ணீரில் நாற்று தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. வண்டி போட்ட சத்தத்தில் காது அடைத்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அத்தா அம்மாவின் பக்கம் சாய்ந்து ஏதோ பேச ஆரம்பித்தார். அம்மா வயலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு வந்தாள். நடுநடுவே "ம்" என்றாள். மடியில் இருந்த எனக்கு அந்த "ம்" மட்டும் முதுகில் அதிர்ந்தது.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வண்டி நின்றுவிட்டது. கேட் போட்டிருந்தார்கள். எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது என்று சொல்லிக்கொண்டே டிரைவர் எஞ்சினை அணைத்தார். திடீரென்று அமைதி. சர்பத் விற்கிறவரின் கண்ணாடி தம்ளர் சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்டது. அத்தா பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வெகுநேரம் அப்படியே இருந்தார். எனக்குச் சலிப்பாக இருந்தது. "பேசுங்க அத்தா" என்றேன். டிரைவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அத்தா ஒன்றும் பேசவில்லை.

பிறகு நெல் ஏற்றிய கூட்ஸ் வண்டி வந்தது. பெட்டிக்குப் பின் பெட்டியாக, முடிவே இல்லாததுபோல, தடதடவென்று தரையே அதிர ஓடியது. அப்போது அத்தா மறுபடியும் அம்மாவின் காதுப்பக்கம் சாய்ந்தார். விட்ட இடத்திலிருந்து வேகவேகமாகப் பேசினார். அம்மா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. ஒரு சொல்கூட என் காதில் விழவில்லை.

கடைசிப் பெட்டி கடந்து போனதும் அத்தா பேச்சை நிறுத்திவிட்டார். கேட் திறந்தது.

அத்தாவுக்கு ஏன் இது தெரியவில்லை என்று எனக்கு ஒரே ஆச்சரியம். அவ்வளவு நேரம் வண்டி அமைதியாகத்தான் நின்றிருந்தது. அப்போதே பேசியிருந்தால் எல்லோருக்கும் நன்றாகக் கேட்டிருக்குமே.