பென்சிலில் எழுதியிருந்த ஒரு வரி

மூன்று வருடங்களுக்கு முன்பு, நான் கணக்கு டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, நாகர்கோவிலை விட்டுப் புதுக்கடை அருகே உள்ள சொந்த ஊருக்குத் திரும்பிய புதிதில் நடந்தது இது. எங்கள் சபையிலிருந்து, கல்லறைத் தோட்டத்துக்குப் போய் நான்கு வருடமான ஒரு பெரியவரின் செல்போனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து போய்விட்டது. 'இன்னும் பல்லாண்டு வாழக் கர்த்தர் கிருபை செய்வாராக' என்று! அந்த செல்போனை வைத்திருந்த மருமகள் ஆலய முற்றத்தில் வைத்தே கமிட்டிக்காரர்களை ஒரு பிடி பிடித்துவிட்டார். அடுத்த வாரமே, கம்ப்யூட்டரில் இருக்கும் அங்கத்தினர் பட்டியலைச் சரிசெய்யும் வேலை என் தலையில் விழுந்தது.

விழுந்தது என்று சொல்கிறேனே தவிர, ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டது நான்தான். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பது எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. பட்டியலும் அப்படித்தான் கிடந்தது. ஒரே ஆளுக்கு ஞானஸ்நானப் பெயரில் ஒரு வரி, வீட்டில் கூப்பிடும் பெயரில் இன்னொரு வரி. கல்யாணமானால் பெண்ணின் பெயரைக் கணவனின் சபைக்கு மாற்றிவிடுவது எங்கள் வழக்கம். ஆனால் எப்போதோ கட்டிக்கொடுத்த பெண்கள்கூடச் சபையின் பதிவில் பிறந்த வீட்டுக் குடும்ப அட்டையிலேயே இருந்தார்கள்.

சபையின் பழைய பெரிய பதிவேட்டை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தேன். எனக்கு நானே ஒரு விதியும் போட்டுக்கொண்டேன். மையில் எழுதியது மட்டும்தான் கணக்கு. ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருப்பதைப் பார்க்க வேண்டியதில்லை. பள்ளியில் பென்சிலில் எழுதிய விடைக்கு நான் மதிப்பெண் போட்டதே கிடையாது. இரண்டு மாதத்தில் பட்டியல் பளிச்சென்று ஆகிவிட்டது. கமிட்டிக் கூட்டத்தில் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிழை இருந்தால் சொல்லட்டும் என்று அதை அச்சிட்டு ஆலய வாசலில் ஒட்டினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஒரு பெண் அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அண்டி ஆபீசில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், வேலை பார்ப்பவள் என்பது கையைப் பார்த்தாலே தெரிந்தது. முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனிகள் கறுத்திருந்தன. அந்த விரல் பெயர் பெயராகக் கீழே இறங்கி, மறுபடியும் மேலே போய், மறுபடியும் இறங்கியது.

"எனக்க பேரக் காணேல்லியே டீச்சர்."

வீட்டுப் பெயரைக் கேட்டேன். நான் நீக்கிய பெயர்களில் ஒன்று என்பது உடனே ஞாபகம் வந்துவிட்டது. "ஒன்னக் கெட்டிக் குடுத்தாச்சில்லியா? ஒனக்க பேரு மாப்பிள்ளைக்க சபையிலல்லா கெடக்கும்" என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "நான் அங்கேருந்து வந்து ஆறு வருசமாச்சு டீச்சர். அங்க வெட்டிட்டாவ. இங்கயும் இல்லேன்னா நான் எந்த சபைக்க ஆளாக்கும்? மகளுக்க பேரத் திடப்படுத்தல் வகுப்புக்குக் குடுக்கணும்."

திடப்படுத்தல் பெற்றால்தான் பிள்ளைகள் முதல்முறையாக நற்கருணை எடுக்க முடியும். அந்த வகுப்பில் சேர, பெயர் ஒரு குடும்ப அட்டையில் இருக்க வேண்டும். நான் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. "ஏன் வந்துட்ட? அந்த சபையிலேருந்து ஒரு கடிதம் வாங்கிட்டு வா, சேத்துரலாம்" என்றேன். வகுப்பில் பேசிப் பழகிய குரல். சுற்றி நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "செரி டீச்சர்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த மூன்று ஞாயிறும் அவர்கள் இருவரையும் காணவில்லை. கடிதத்துக்கு அலைகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். போதகரின் மனைவியிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. களியக்காவிளைப் பக்கம் உள்ள அந்த சபையில் செயலாளரே அவளுடைய கணவனின் அண்ணன்தானாம்.

"அடிச்சு வெரட்டுன வீட்டு ஆளுக்க முன்னால போயி அவ கடிதத்துக்கு நிக்கவா டீச்சர்?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பதிவேட்டை எடுத்து அவளுடைய பக்கத்தைத் திறந்தேன். மையில், 'திருமணம், சபை மாற்றம்' என்று இருந்தது. அதன் பக்கத்தில் பொடிப் பொடியாகப் பென்சில் எழுத்து: 'மகளோடு வந்திருக்கிறாள். காரணம் கேட்க வேண்டாம்.'

முந்தைய செயலாளரின் கையெழுத்து. அவர் இறந்து அப்போதே இரண்டு வருடமாகியிருந்தது. மற்றப் பக்கங்களையும் புரட்டினேன். ஒரு வீட்டுக்கு நேராக, 'காது கேட்காது, நேரில் போய்ச் சொல்லவும்.' இன்னொரு தம்பதிக்கு, 'மகன் தவறிய வாரம், திருமண நாள் வாழ்த்து வாசிக்க வேண்டாம்.' இவை எல்லாவற்றையும்தான் நான் கிறுக்கல் என்று தள்ளியிருந்தேன். வெட்கமாக இருந்தது. வாய்விட்டே அழுதேன்.

மறுநாள், ஆலை விடும் நேரம் பார்த்து, பதிவேட்டோடும் லேப்டாப்போடும் அவள் வீட்டுக்குப் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். "டீச்சர் போயி என்னத்துக்கு..." என்று அவள் பதறினாள். அந்தப் பென்சில் வரியைக் காட்டினேன். எழுத்துக்கூட்டி வாசித்தவள், கறுத்த விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"ஆரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல்ல டீச்சர். ஆருக்கும் நான் வேண்டாம்னாக்கும் நெனச்சேன்."

அவள் முன்னாலேயே புதுக் குடும்ப அட்டை ஒன்றைத் திறந்து, குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவள் பெயரை அடித்தேன். மகள் பக்கத்தில் நின்று எழுத்து சரியா என்று பார்த்துக்கொண்டாள். போதகரிடம் நானே பேசினேன். மூன்று வாரம் பிந்திவிட்டதால், அந்தப் பிள்ளைக்கு அவர் தனியாக உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுத்தார்.

திடப்படுத்தல் அன்று பிள்ளைகளின் பெயரைப் பெற்றோரின் பெயரோடு வாசித்தார்கள். அவளுடைய மகளின் முறை வந்தபோது, தாயின் பெயர் மட்டும் ஒலித்தது. ஆலயம் நிறைய ஆட்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, தங்களுக்குள் ஒன்றும் கேட்டுக்கொள்ளவும் இல்லை. அவள் மட்டும் தலையை நிமிர்த்தி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது எங்கள் பட்டியலில், போதகரும் நானும் மட்டும் பார்க்கிற மாதிரி, 'பென்சில்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. எந்தப் பெயரை நீக்குவதாக இருந்தாலும், அதற்கு முன் அந்த வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வருகிறேன். ஆனாலும், ஒரு சபையே ஆறு வருடமாகக் கேட்காமல் காத்துவந்த கேள்வியை நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேனே என்ற உறுத்தல் மட்டும், ஒவ்வொரு முறை அந்த ஆலய வாசலைத் தாண்டும்போதும் எனக்குள் எழத்தான் செய்கிறது.