பத்தேகால் மணிக்குப் போடாத பிரிட்ஜ்

புதுச்சேரிக் கொம்யூன் பஞ்சாயத்தின் குடும்பக் கணக்கெடுப்புப் படிவத்தில் கலியம்மாளைப் பற்றி இருப்பது இவ்வளவுதான்: வயது ஐம்பத்தொன்று. கல்வி இல்லை. தொழில் இல்லை. குடும்பத் தலைவரைச் சார்ந்து வாழ்பவர்.

கணக்கெடுக்க வந்த பெண்ணைக் குறை சொல்வதற்கில்லை. என்ன வேலை என்று அவர் கேட்டபோது, மூன்றாவது மாட்டின் மடியிலிருந்து கையை எடுக்காமலே, "நான் இன்னாம்மா வேல செய்யறேன், வூட்ல சும்மாதான் கெடக்கறேன்" என்று கலியம்மாள் சொல்லியிருக்கிறார். பால் கறந்துகொண்டே சும்மா கிடப்பவர்களுக்கென்று படிவத்தில் கட்டம் கிடையாது. அவர் சார்ந்து வாழும் குடும்பத் தலைவர் அரங்கநாதன் அந்த நேரம் கட்டிலில் படுத்தபடி காபி என்னாயிற்று என்று விசாரித்துக்கொண்டிருந்தார். காலில் புண் வந்து ஆறியதிலிருந்து கரும்புக் கொல்லையைக் குத்தகைக்கு விட்டுவிட்டவர். வீட்டில் அவர் பொறுப்பில் மிச்சம் இருப்பது நாள்காட்டி ஒன்றுதான். அதை அவர் மிகக் கண்டிப்பாக நிர்வகித்து வந்தார்.

அரங்கநாதனுக்குச் சர்க்கரை. இரண்டு வருடமாக இன்சுலின். வாங்கி வரும் குப்பிகள் எதிர்வீட்டுக் கல்பனாவின் பிரிட்ஜில், மாவுச் சட்டிக்கும் தயிருக்கும் நடுவில் குடியிருந்தன. கல்பனா நல்லவள். சங்கடமே அதுதான். கெட்டவளாக இருந்திருந்தால் ஒரு நாள் நன்றாகச் சண்டை போட்டுவிட்டு வேறு வீடு பார்த்திருக்கலாம்.

"மாமாவுக்கு மருந்தா? எடுத்துக்கோக்கா" என்பாள். உடனே, "கதவத் தொறந்து வெச்சிக்கினு பாத்துக்கினே நிக்காத" என்றும் சொல்வாள்.

இந்த இரண்டாவது வாக்கியத்துக்கு ஐந்து வருட வரலாறு உண்டு. கல்பனா வீட்டுக்கு பிரிட்ஜ் வந்த அன்று கலியம்மாள் அதை ஆசை தீரப் பார்த்து, "எம்மாம் அழகா கீதுடி!" என்று சொல்லிவிட்டார். பத்தாம் நாள் பிரிட்ஜ் குளிர்வதை நிறுத்திக்கொண்டது. மோட்டாரையே மாற்ற வேண்டியதாயிற்று. கல்பனாவின் மாமியார் காரணத்தை ஒரு நொடியில் கண்டுபிடித்தார்: கலியம்மாளின் கண். தெருவும் அதை ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து கலியம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் பிரிட்ஜுக்குள் விட்டுத் துழாவித்தான், முதலில் மாட்டு மருந்தையும் பிறகு இன்சுலினையும், எடுத்து வந்தார். ஒருமுறை மாட்டுக்குப் போடும் ஊசி மருந்தென்று நினைத்து வனிலா எசன்ஸை எடுத்து வந்ததும் நடந்திருக்கிறது.

போன மாதம் கல்பனா திருக்கனூரில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போனாள். இரண்டு நாள் வீடு பூட்டிக் கிடந்தது, குப்பிகள் உள்ளே. கலியம்மாள் மருந்துக் கடைக்குப் போய் வருவதற்குள் அரங்கநாதன் வைக்கோல்போர் அருகில் தலைசுற்றி விழுந்துவிட்டார். அவரை எழுப்பி உட்கார வைத்த கையோடு கலியம்மாள் முடிவெடுத்தார். இனி எந்த வீட்டுக் கதவையும் மருந்துக்காகத் தட்டுவதில்லை.

வில்லியனூரில் ஹாஜா மைதீன் கடைக்குப் போனவர், பிரிட்ஜுகளை மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோலவே பார்த்தார். விலாவில் தட்டினார். கதவைத் திறந்து மோந்தார். ரப்பர் விளிம்பில் ஒரு காகிதத்தை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்த்தார், கவ்வுகிறதா என்று. பின்னால் போய்க் காதை வைத்து மூச்சுக் கேட்டார். பல்லைப் பிடித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஒற்றைக் கதவு, சிவப்பு நிறம், கதவில் வெள்ளைப் பூ. வெள்ளிக்கிழமை காலை அனுப்புவதாக ஹாஜா மைதீன் சொன்னார்.

நேரம் குறித்தது அரங்கநாதன். வெள்ளிக்கிழமை நல்ல நேரம் ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் பொட்டு வைத்து, சூடம் காட்டி, சுவிட்சைப் போட்டாக வேண்டும்.

வியாழக்கிழமை மாலையே கல்பனா நாலு குப்பிகளையும் ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். "நாளைக்கு ஒன்னுது வந்துடுதுல்லக்கா. எங்க நாத்தனா வூட்லேருந்து மீனு வருது, எடம் பத்தாது." சித்திரை வெயில். கலியம்மாள் ஒரு அகல மண்பானையில் ஈர மணலைக் கொட்டி, நடுவில் டப்பாவைப் புதைத்து, நனைத்த சாக்கைப் போட்டு மூடினார். இரண்டு நாள் தாங்கும். பிரிட்ஜ் வந்து, வந்த பிரிட்ஜும் கெட்டுப்போனால், மறுபடியும் கல்பனா வீட்டுக் கதவுதான்.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே கூடத்து மூலை கழுவப்பட்டுவிட்டது. கோலமாவால் தரையில் ஒரு சதுரம் போடப்பட்டது, சுவரிலிருந்து சரியாக ஒரு சாண் தள்ளி. மாடு திரும்பிப் படுக்க இடம் விடுகிறோம், இதற்கும் முதுகில் காற்றுப் பட வேண்டாமா என்பது கலியம்மாளின் கட்சி. புது பிளக் பாயின்ட், எர்த் கம்பி, ஸ்டெபிலைசர் எல்லாம் முன்னதாகவே தயார். ஒன்பது மணியிலிருந்து தெருமுனைக்கும் வீட்டுக்கும் அவர் எத்தனை முறை நடந்தார் என்பதை யாரும் எண்ணவில்லை. மாடுகள் மூன்றும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஒன்பது ஐம்பதுக்கு லோடு ஆட்டோ வந்தது. தெருவே கூடியது. டிரைவர் பாக்யராஜும் கூட வந்தவரும் பெட்டியை இறக்கி உள்ளே கொண்டுவந்து கோலச் சதுரத்தில் நிறுத்தினார்கள். அரங்கநாதன் சுவர்க் கடிகாரத்தின் கீழே நின்று ராக்கெட் விடுபவர்போல அறிவித்துக்கொண்டிருந்தார்: "பத்து மூணு! சீக்கிரம் பிரிங்கய்யா! பத்து அஞ்சு!"

அட்டைப்பெட்டியைக் கிழித்தார்கள். எல்லோர் கண்ணும் சிவப்புக் கதவில் இருக்க, கலியம்மாள் மட்டும் கழற்றிப் போட்ட அட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தார். மூன்று பக்கம் சுத்தம். நாலாவது பக்கம் நசுங்கி, அதில் கரும்பின் காய்ந்த இலையான சோகை ஒட்டியிருந்தது. சந்தையிலிருந்து வரும் மாட்டின் எந்த விலாவில் சாணி ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் போதும், வண்டியில் நின்று வந்ததா விழுந்து வந்ததா என்று அவர் சொல்லிவிடுவார்.

"பாக்யராஜு, இது படுத்துக்கினா வந்துது?"

"சே சே, நிக்க வெச்சுதாங்க்கா."

"நின்னுக்கினு வந்தா ஒரு பக்கம் மட்டும் எப்பிடிடா சோகை ஒட்டும்?"

பாக்யராஜ் கூட வந்தவரைப் பார்த்தார். கூட வந்தவர் கூரையைப் பார்த்தார்.

"இல்லக்கா, மெயின் ரோட்ல மஞ்சத்தண்ணி விசேசத்துக்கு பேனர் வளைவு வெச்சிக்கீறாங்க. தாழக் கட்டிட்டானுங்க. நிக்க வெச்சு ஓட்னா பேனர்ல கீற பொண்ணு மூஞ்சே கிழிஞ்சிடும். அதான் அரியூர்லேருந்து படுக்க வெச்சிட்டோம். சோகையப் பரப்பி, மெத்தையாட்டம் சொகமாத்தான் வந்துது."

"பத்து ஏழு!" என்றார் அரங்கநாதன்.

"இப்பப் போட வேணாம்" என்றார் கலியம்மாள்.

சூடத் தட்டோடு நின்றவர்கள் அப்படியே நின்றார்கள்.

"வண்டில விழுந்து பொரண்டு வந்த மாட்ட எறக்கின ஒடனே கறப்பியாய்யா? நிக்க வெச்சு, மூச்சு வாங்க வுட்டு, அப்பறந்தான கிட்டப் போவ?"

"ஏய், இது மாடாடி? பொட்டி! கரண்டுப் பொட்டி!"

"உள்ள ஏதோ ஓடுதுல்ல? அது கொலுங்கிக் கெடக்கும்."

தர்க்கம் தவறு, முடிவு சரி. உலகத்தில் பல நல்ல காரியங்கள் இப்படித்தான் நடக்கின்றன. கலியம்மாள் ஹாஜா மைதீனுக்கு போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரை வைத்தார்.

"படுக்க வெச்சானா!" என்று போனுக்குள்ளிருந்து அலறல் வந்தது. "அக்கா, நிமித்தி வெச்சு ஆறு மணி நேரமாவது தொடாதீங்க. மோட்டார்ல கீற எண்ண கொழாய்க்குள்ள போயிருக்கும். அது திரும்பி எறங்கணும். அதுக்குள்ள சுச்சப் போட்டீங்க, மோட்டார் காலி. எங்க அந்த பாக்யராஜு? போனக் குடுங்க அவன்கிட்ட!"

பாக்யராஜ் அதற்குள் ஆட்டோவில் இருந்தார்.

"பாய்," என்று கூட்டத்திலிருந்து கல்பனாவின் குரல் கேட்டது. "தெரியாம அப்பிடிப் போட்டுட்டா ஒடனே நின்னுடுமா?"

"ஒடனே நிக்காதும்மா. நல்லாத்தான் ஓடும். ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு கூலிங் நின்னுடும்."

கல்பனா எதிரே இருந்த தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"பத்து பன்னெண்டு!" அரங்கநாதனின் குரல் உடைந்திருந்தது. விளையாட்டில்லை அவருக்கு. தன் உயிர் மருந்து குடியிருக்கப் போகும் பொருளை ராகு காலத்தை ஒட்டித் தொடங்குவதா? "கடக்காரன் ஆயிரம் சொல்லுவான். நேரம் போனா வருமா? தள்ளு, நான் போடறேன்."

கலியம்மாள் பிரிட்ஜின் வயரை இழுத்து, பிளக்கை முந்தானையில் வைத்து இரண்டு முடிச்சுப் போட்டார். பிரிட்ஜில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"வா. வந்து அவுத்துப் பாரு."

கட்டிய மனைவியின் முந்தானையைத் தெருவே பார்க்க அவிழ்க்கும் துணிச்சல் அரங்கநாதனுக்கு இல்லை. பத்தேகால் ஆனது. பத்தேகால் போனது.

"சாயங்காலம் நாலே முக்காலுக்கும் நல்ல நேரம் போட்டுக்கீதே," என்றார் கலியம்மாள், நாள்காட்டியின் பக்கம் திரும்பாமலே. "அது இன்னா, கெட்டவங்களுக்கா?"

தெரு சிரித்தது. அரங்கநாதன் நாள்காட்டியின் அருகே போய் உற்றுப் பார்த்தார். போட்டிருந்தது.

இதை வைத்துக் கலியம்மாளைப் பகுத்தறிவுவாதி என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அவர் எலுமிச்சம்பழமும் மிளகாயும் வரவழைத்து பிரிட்ஜின் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டார். கதவில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை ஒரு பெண் உரிக்கப் போக, "கைய எடுடி!" என்று கணவனும் மனைவியும் அன்றைக்கு முதல்முறையாக ஒரே குரலில் கத்தினார்கள்.

காத்திருப்பதில் அவருக்கு இம்மியளவும் பொறுமை இல்லை என்பதுதான் வேடிக்கை. மணி பதினொன்றா என்று கேட்டார். பதினொன்றே கால் ஆகவில்லையா என்று கேட்டார். பூவைத் தடவினார். கதவைத் திறந்து, இந்த முறை முகத்தைத் திருப்பாமல், ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார். காய்கறிப் பெட்டியை இழுத்தார், தள்ளினார், மறுபடி இழுத்தார். "முட்டைக்குன்னு குழி வெச்சிக்கீறான் பாரேன்!" என்று அரங்கநாதனையே கூப்பிட்டுக் காட்டினார். கோபமாக இருந்த அரங்கநாதன் வந்து பார்த்துவிட்டுத்தான் போனார். நடுவில் இரண்டு முறை பானைச் சாக்கின் மேல் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். அரங்கநாதன் தெளித்தார்.

இரண்டரை மணிக்கு மாடுகள் கத்த ஆரம்பித்தன. மூன்றரைக்குப் பால் வண்டி வந்துவிடும். முந்தானை பிரிட்ஜோடு கட்டிக் கிடக்கிறது. அவிழ்த்துவிட்டுப் போனால் அரங்கநாதனின் கை சும்மா இருக்குமா என்பதற்கு உத்தரவாதமில்லை. காலையில் விட்ட நேரத்துக்குப் பரிகாரமாக மூன்று மணி எமகண்டத்துக்கு முன்பே போட்டுவிடலாமா என்று அவர் ஏற்கெனவே இரண்டு முறை கேட்டிருந்தார்.

"குடுக்கா, நான் புடிச்சிக்கறேன்."

கல்பனா வாசலில் நின்றிருந்தாள்.

"நீயா?"

"எங்க வூட்டு பிரிட்ஜும் படுத்துக்கினுதான்க்கா வந்துது. டிராக்டர்ல, வைக்கோலு மேல. நல்ல நேரம் முடியப் போதுன்னு மாமியாரு வந்த அஞ்சாவது நிமிஷம் சுச்சப் போட்டாங்க."

கலியம்மாள் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"அப்ப என் கண்ணு இல்ல."

"ஒன் கண்ணு இல்லக்கா."

"அஞ்சு வருசமா செவுத்தப் பாத்துக்கினே கைய வுட்டு வுட்டுக் கழுத்தே கோணிக்கிச்சுடி, பாவி!"

கல்பனா சிரிக்கவா அழவா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். கலியம்மாள் முடிச்சை அவிழ்த்து பிளக்கை அவள் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். "மாமா வந்து கேட்டா கடிச்சுடு" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்கு ஓடினார். மாமா வந்து கேட்கத்தான் செய்தார். கல்பனா கடிக்கவில்லை. பல்லைக் காட்டி விரட்டியதோடு சரி.

நாலரைக்குத் தெரு மறுபடியும் நிறைந்தது. காலையில் வராதவர்களும் வந்திருந்தார்கள். நாலே முக்காலுக்கு அரங்கநாதன் சூடம் காட்டினார். கலியம்மாள் பிளக்கைச் செருகினார். ஸ்டெபிலைசரில் சிவப்பு விளக்கு எரிந்து, சிறிது நேரத்தில் பச்சையானது. பிரிட்ஜ் ஒருமுறை உடம்பைச் சிலிர்த்துவிட்டு, உம்மென்று ஓட ஆரம்பித்தது. ஒரே கைத்தட்டல். கலியம்மாள் அதன் விலாவில் காதை வைத்து, கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கிவிட்டுக் கேட்டார். "சீராத்தான் வுடுது மூச்சு" என்றார். திரும்பவும் கைத்தட்டல்.

அரங்கநாதன் பானையிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். "மேல ஐசு பெட்டில வெச்சிடு. அதான் நல்லா ஜில்லுனு இருக்கும்."

"ஒறஞ்சா மருந்து செத்துடும்னு நர்ஸம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னது காதுல வுழலயா? இன்னிக்கு எங்கியும் வெக்க வேணாம். ராத்திரி முச்சூடும் காலியா ஓடட்டும்."

நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரை மட்டும் வைத்தார். மாவுப் பாத்திரத்தோடு வந்த பக்கத்து வீட்டுக்காரி, மல்லிகைப் பந்தோடு வந்தவள், மீனில் பாதியை இங்கே வைக்கலாமா என்று கேட்ட கல்பனா, மூவரும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். "வந்த மொத நாளே சொமை ஏத்துவாங்களா?" என்று கேட்டார். டப்பா மறுபடி பானைக்குள் போனது. சாக்கு இன்னொரு முறை நனைந்தது.

சனிக்கிழமை காலை மூன்று மாடுகளையும் கறந்து முடித்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். டம்ளர் தண்ணீர் நன்றாகக் குளிர்ந்திருந்தது. விரலை விட்டுத் துழாவினார். ஓரத்தில்கூட ஐஸ் கட்டவில்லை.

கலியம்மாள் பானையிலிருந்து நாலு குப்பிகளையும் எடுத்து, மணல் போகத் துடைத்து, நடுத்தட்டில் வரிசையாக வைத்துக் கதவைச் சாத்தினார்.