பஸ் நிற்க முறை வைத்தவர்கள்

மெல்பர்ன் நகரத்து பஸ் குனியும். வயதானவர்களோ குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்திருப்பவர்களோ நிறுத்தத்தில் நின்றால், ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்துவார். உஸ்ஸென்று மூச்சு விட்டபடி வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, படியைத் தரைக்குப் பக்கத்தில் இறக்கிக் கொடுக்கும். முதல் தடவை பார்த்தபோது டயர்தான் பஞ்சராகிவிட்டது என்று நினைத்து நாலடி விலகி நின்றேன். "ஆர் யூ ஓகே, லவ்?" என்று ஓட்டுநர் கேட்டார். முன்பின் தெரியாத ஆள் லவ் என்கிறாரே என்று பதறி, "பஞ்சர், பஞ்சர்" என்று டயரைக் காட்டினேன். அவர் இறங்கி வந்து டயரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, என்னையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பஸ் குனியக்கூட வேண்டாம், நின்றால் போதும் என்று ஏங்கிய இடத்திலிருந்து வந்தவள் நான்.

ஆலங்குடியிலிருந்து உள்ளே தள்ளி, முந்திரிக்காடும் கடலைக்கொல்லையுமாக இருக்கும் ஊர் எங்களுடையது. ஊருக்குள் ஒரு நிறுத்தம், அதைத் தாண்டி எங்கள் காலனிக்கு ஒரு நிறுத்தம். ஊரில் நிற்கும் காலை பஸ் காலனியில் நிற்காது. பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றான பிறகு இது இன்னும் மோசமாயிற்று. எங்கள் நிறுத்தத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகள். "ஓசில ஏறுறதுக்கு இங்கிட்டு வேற ஒரு ஸ்டாப்பா?" என்று நடத்துனர் ஒருவர் படியில் தொங்கியபடியே கேட்டுவிட்டுப் போனாராம். காலனியும் ஓசியும் சேர்ந்தால் அந்த வண்டிக்கு பிரேக் பிடிக்காது. நான் நர்சிங் முடித்து இங்கே வந்துவிட்டேன். என் தங்கை செல்வி அப்போது புதுக்கோட்டையில் கல்லூரி முதலாண்டு. அடுத்த பஸ்ஸில் போனால் காலை வகுப்புகள் போய்விடும். அட்டெண்டன்ஸ் குறைந்தால் பரீட்சை எழுத முடியாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். "படிச்சது போதும், அத்தை மகன் இருக்கான்ல" என்று அப்பா மெல்லப் பேச்செடுத்தார். போனில் செல்வி அழுததைக் கேட்டு எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆனால் ஆத்திரத்தை வைத்துக்கொண்டு மெல்பர்னிலிருந்து ஒரு பஸ்ஸை நிறுத்த முடியுமா?

நம்மூர்க்காரர்களுக்கு மறியல் செய்ய யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலனிப் பெண்கள் ரோட்டின் குறுக்கே உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்தது, டிப்போவிலிருந்து அதிகாரி வந்தார். "நாளையிலேருந்து நிக்கும்மா, கலைஞ்சு போங்க" என்றார். கைதட்டிவிட்டுக் கலைந்தார்கள். பஸ் சில நாள் நின்றது, பிறகு பழைய குருடி கதவைத் திறடி. மறுபடி மறியல், மறுபடி வாக்குறுதி, மறுபடி கைதட்டல். வாட்ஸ்அப் வீடியோவில் அதைப் பார்த்து நானும் இங்கிருந்து கைதட்டியிருக்கிறேன்.

மூன்றாவது மறியலுக்குக் கிளம்பியவர்களைத் தடுத்தது பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா. மகளிர் குழுத் தலைவி. "நாம ஒக்காந்தா பஸ்ஸு நிக்கிது, எந்திரிச்சா ஓடுது. கலைஞ்சு போறதுனாலதான் இந்தக் கதி. கம்மாத் தண்ணிக்கு முறை வெக்கிறோம்ல? அதே மாதிரி பஸ்ஸுக்கும் முறை வெப்போம்" என்றார். கண்மாயில் தண்ணீர் குறையும்போது இன்றைக்கு இன்னார் வயலுக்கு என்று முறை வைப்பார்கள். கல்யாணமோ சாவோ, முறைக்காரர் வீட்டிலிருந்து ஒருவர் மடையில் நின்றே ஆகவேண்டும். அந்த ஆயக்கட்டில் எங்களுக்கு நிலம் குறைவுதான், ஆனால் மடையில் காவல் நின்ற கால்கள் அதிகமும் எங்களுடையவை. முறையிட்டுப் பார்த்தார்கள், முறைத்தும் பார்த்தார்கள், கடைசியில் முறை வைத்தார்கள். தமிழில் ஒரே சொல்லுக்குள் இத்தனை வழி இருப்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

தினமும் இரண்டு வீடுகளிலிருந்து வீட்டுக்கு ஒருவர், பயணம் போகாதவர்கள், நிறுத்தத்தில் நின்று கை காட்ட வேண்டும். கடைசிப் பிள்ளை ஏறும்வரை நகரக்கூடாது. திட்டக்கூடாது, வணக்கம் சொல்ல வேண்டும். திங்கட்கிழமைகளில் ஒரு வீடு புதுக்கோட்டைக்குப் போய், கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் அதே மனுவைக் கொடுக்க வேண்டும். திட்டக்கூடாது என்ற விதிதான் எங்கம்மாவுக்குக் கஷ்டம். அவர் வாய் ஊரறிந்தது. தன் முறை நாளில் பல்லைக் கடித்துக்கொண்டு கையை உயர்த்தி நின்றிருக்கிறார். பஸ் நின்றுவிட்டது. பிள்ளைகள் எல்லாம் ஏறிய பிறகு நடத்துனர், "ஏறுங்க ஆத்தா" என்றாராம். மரியாதையாகக் கூப்பிடுகிறவரிடம் எப்படி மாட்டேன் என்பது? அம்மா ஏறிவிட்டார்!

"எங்கத்தா போகணும்?"

"எங்கயும் போகலப்பா. நிக்கிதான்னு பாக்க வந்தேன். நீ கூப்பிட்ட, ஏறிட்டேன்."

பஸ்ஸே சிரித்ததாம். நடத்துனரும் சிரித்து, ஆலங்குடியில் இறக்கி, திரும்பும் பஸ்ஸில் பத்திரமாக ஏற்றிவிட்டிருக்கிறார். அதற்குப் பிறகு அந்த நடத்துனர் வரும் நாட்களில் கையைக் காட்டும் முன்பே விசில் கேட்கும். மற்றவர்கள் வழிக்கு வரப் பல மாதங்கள் பிடித்தன. பஸ் நிற்காமல் போனாலும் மறுநாள் முறைக்காரர்கள் வந்து நின்றார்கள். கத்துவதைவிட அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று நினைத்து நினைத்து வியந்திருக்கிறேன்.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஜூலி என்ற சக ஊழியரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். ஊரில் காலை பஸ் வரும் நேரம் எங்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம். "இந்நேரம் என் அம்மா பஸ் ஸ்டாப்பில் நிற்பார்" என்றேன். "எங்கே போகிறார்?" "எங்கும் போகவில்லை, சும்மா நிற்கிறார்." ஜூலியின் முகம் வாடிவிட்டது. என் கையைப் பிடித்து, "எவ்வளவு நாளாக இப்படி? டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று கேட்டார். எங்கள் இல்லத்தில் மறதி நோய் கண்டவர்கள், வராத பஸ்ஸுக்காக வாசலில் போய் நிற்பதுண்டு. அம்மாவுக்கும் அதுதான் என்று நினைத்துவிட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்ததில் அவர் இன்னும் பயந்துபோனார். முழுக் கதையையும் கேட்ட பிறகு, "ஓ, ரோஸ்டர்!" என்று சுவரில் ஒட்டியிருந்த எங்கள் டியூட்டிப் பட்டியலைக் காட்டினார். கிட்டத்தட்ட அதுதான், ஆனால் ரோஸ்டரில் சம்பளம் உண்டு.

செல்வி பரீட்சை எழுதினாள். அத்தை மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள். திங்கட்கிழமை மனுக்களுக்குப் பலனாக, காலனியில் நிறுத்தத்துக்கென்று ஒரு போர்டும் வந்தது. "அதான் போர்டு வெச்சாச்சே, இன்னும் எதுக்கு நிக்கிறீங்க?" என்று அதிகாரி கேட்டதற்கு, "போர்டு நிக்கும் சார், கை காட்டாதுல்ல" என்றாராம் ஸ்டெல்லா அக்கா. இப்போது அதே வழித்தடத்தில் இன்னும் இரண்டு ஊர்களில் முறை வைத்திருக்கிறார்கள்.

போன வருடம் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். அப்பா வேலைக்குப் போயாக வேண்டும், செல்வியோ அந்த பஸ்ஸில் போகிறவள். ஸ்டெல்லா அக்காவைக் கூப்பிட்டு, "எங்க வீட்டு முறைய எடுத்துருங்கக்கா, நிக்க ஆளில்ல" என்றேன்.

"ஏன், நீ அந்த வீட்டுப் பொண்ணு இல்லையா? ஒன் பேருல நான் நிக்கிறேன். ஊருக்கு வரையில வந்து நில்லு. முறைய எடுத்துட்டா ஒனக்கும் எங்களுக்கும் முறை விட்டுப்போயிரும்டி" என்றார். அங்கே குடியுரிமைச் சீட்டு எதையும் யாரும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டு முறை வரும் நாளில் மதியச் சாப்பாட்டுக்கு என்னால் உட்கார முடிவதில்லை. பாத்திரம் கழுவும் தொட்டி ஓரமாகச் சாப்பாட்டு டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றபடி இருக்கிறேன். வெளியே வேறொரு நாட்டின் வெயில். ஜூலி நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஸிட்" என்கிறார். தலையசைத்துவிட்டு போனையே பார்க்கிறேன். கொஞ்ச நேரத்தில் ஸ்டெல்லா அக்காவின் குரல் வருகிறது: "எல்லாப் புள்ளைகளும் ஏறியாச்சு. நீ ஒக்காரு."