முறத்தில் உருகிய காளான்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். போதாததற்குத் தாவரவியலில் பட்டமும் வாங்கிவிட்டேன். மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துக்காரர்கள் கீரையைக்கூட என்னிடம் காட்டிவிட்டுத்தான் அரிவார்கள். காட்டாவிட்டாலும் நானே போய்ச் சொல்வேன்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரிசிக் கிடங்கின் பின்னாலிருந்து அம்மா முறம் நிறையக் காளான் பறித்து வந்தாள். சாம்பல் நிறம்; கோழிமுட்டையைக் காம்பில் நட்டு வைத்தது மாதிரி இருந்தது.

“படிச்சவளே, இந்தக் கூணைத் திங்கலாமா?”

அடுத்த வீட்டுச் சேச்சி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் நான் யோசிப்பதா? எங்கே முளைத்தது என்று மட்டும் கேட்டேன். ஈர வைக்கோலில் என்றாள் அம்மா.

“அப்ப வைக்கோல் காளான்தான். தாராளமா வறு.”

ஞாயிறு மதியம் அப்பா கள்ளு ஷாப்புக்குப் போய்விட்டுத்தான் சாப்பிட வருவார். அவர் வந்ததும் சூடாக வறுக்கலாம் என்று அம்மா முறத்தை ஓரமாக வைத்தாள். ஒரு மணிக்கு அவள் கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும்.

“ஏய், உன் கூணு மை கக்குதுடி!”

தொப்பிகள் ஓரத்திலிருந்து உருகிக் கறுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தன. கிடங்குக்குப் பின்னால் ஓடி, மிச்சமிருந்த ஒன்றை அடியோடு தோண்டினேன். வைக்கோல் காளானின் அடியில் இருக்கவேண்டிய பை இதில் இல்லை. தொப்பியின் உள்மடிப்பு இளஞ்சிவப்பாக இல்லை, கறுத்துக்கொண்டிருந்தது. வைக்கோலை விலக்கினால் மட்கிய பலகை. காளான் முளைத்தது அதில். இது மைத்தொப்பிக் காளான். கள் குடித்தவர் தின்றால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுக்கும் என்று படித்திருந்தேன்.

திரும்பி ஓடி வந்தேன். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அப்பா கள் வாசத்தோடு தட்டின் முன்னால். சேச்சி மதிலில்.

“அம்மா, போடாதே! நான் சொன்னது தப்பு.”

“அய்யோ மோளே, நீ டிகிரி பாஸானவள் அல்லே?” என்றாள் சேச்சி.

நான் விளக்கி முடித்ததும் அப்பா கேட்டார்: “கள்ளு குடிக்காம இருந்தா திங்கலாமோ?”

“அப்பவும் ரெண்டு மூணு நாளைக்கு ஷாப்புப் பக்கம் போகக்கூடாது.”

“அந்தச் சனியனைக் கொண்டுபோய்க் கொட்டு.”

அம்மா கொட்டினாள். பிறகு முறத்தில் மிஞ்சிய மையை விரலில் தொட்டு, மதிலை ஒரு பார்வை பார்த்து, என் கன்னத்தில் பெரிய பொட்டாக வைத்தாள்.

“காலையிலேர்ந்து இப்படிக் கண்ணு வச்சா, புள்ள படிச்சது எப்படி ஞாபகம் வரும்?”

படித்தவள் நான் மறுத்திருக்க வேண்டும். கன்னத்தை நன்றாகக் காட்டிக்கொண்டு நின்றேன்.