பால் டின்னும் ஒட்டிக்கிட்ட த்ராட்டிலும்

மண்ணெண்ணெயும் டின்பாலும் கலந்த ஒரு வாடை... அதை மோந்தவங்க என்னைத் தவிர வேற யாராவது உயிரோட இருக்காங்களான்னு தெரியல. எனக்குத் தொண்ணூறு தாண்டியாச்சு. இன்னும் மூக்குலயே நிக்குது.

வெள்ளைக்காரன் ஆட்சியில, காட்டுக்குள்ள கம்யூனிஸ்டுங்களோட சண்டை நடந்த அவசரகாலம் அது. நியாலாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல நான் டிரஸ்ஸர். டாக்டர் மாசத்துக்கு ஒருதடவைதான் எட்டிப் பார்ப்பார். மத்த நாள்ல காய்ச்சல், புண்ணு, பிரசவம் எல்லாத்துக்கும் நான்தான். வயசு இருபத்திமூணு. மீசை வச்சும் ஒருத்தரும் மதிக்கல. அதுக்காகவே ஒரு பழைய மோட்டார்சைக்கிள் வாங்கினேன்... எனக்கு முன்னாடி மூணு பேர் கிட்ட கைமாறின இங்கிலீஷ் வண்டி. இப்ப அதை விண்டேஜ்னு படம் போட்டு லைக் வாங்குறாங்க. அன்னைக்கு எங்களுக்கு அது ஓட்டை வண்டி, அவ்வளவுதான்.

நாலு மைல் தள்ளி, தோட்டத்தோட கடைசி டிவிஷன்ல அஞ்சலைன்னு ஒரு பச்சப்புள்ள. பொறந்த ஒன்பதாம் நாளே அம்மா போயிட்டாங்க. சின்னம்மாதான் வளர்த்தாங்க. சீனி போட்ட கெட்டி டின்பாலைச் சுடுதண்ணியில கரைச்சுக் கொடுக்கணும். வேற வழியில்ல.

காட்டுல ஒளிஞ்சிருக்கிறவங்க கைக்குச் சாப்பாடு போயிடக்கூடாதுன்னு அப்ப ஒரு சட்டம். எந்த டின்னையும் முழுசா வெளிய கொண்டுபோக முடியாது. கடையிலேயே ஆணி வச்சு ரெண்டு ஓட்டை போட்டுத்தான் கொடுப்பாங்க. ஓட்டை போட்ட பால் நம்ம ஊரு வெயிலுக்கு எத்தனை நாள் தாங்கும்? அதனால ஒருநாள் விட்டு ஒருநாள் நானே ஒரு டின் கொண்டுபோனேன்.

பின்னாடி கேரியர்ல மருந்துப்பெட்டி. அதனால டின்னை ஹேண்டல்பார் மேல, வலது கைப்பிடியை ஒட்டி, நிமிர்த்தி வச்சுச் சணல் கயித்தால கட்டிடுவேன். கம்பிவேலி கேட்ல காவல் நிக்கிற மலாய்க்கார அண்ணன், காசிம் அபாங்குக்கு, வண்டியை விட்டு இறங்காமலே ஓட்டையைக் காட்டிடலாம் பாருங்க. பெரிய மூளைக்காரன்னு எனக்கு நெனப்பு.

ஒரு மாசத்துல த்ராட்டில் ஒட்ட ஆரம்பிச்சுது. கைப்பிடியை முறுக்கினா வேகம் எடுக்கும். கையை விட்டா தானா திரும்பணும்... திரும்பாது.

ஜாசின்ல ஒரு சீனர் பட்டறை. அவர் கார்பரேட்டரைக் கழட்டினார், கேபிளையே புதுசா மாத்தினார், மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார், எண்ணெய் போட்டார். நாலு நாள் வண்டி பஞ்சு மாதிரி போகும். அப்புறம் மறுபடியும் அதே கதை.

அப்படி ஒரு திங்கட்கிழமை காலையில... கேட்டுக்குப் பத்தடி முன்னாலயே வண்டி நிக்கணும், எஞ்சினை அணைக்கணும். நிக்காம வந்தா சுடலாம்னு ஆர்டர். இறக்கத்துல கையை விடுறேன், வேகம் குறையல. கிளட்ச்சைப் பிடிச்சா எஞ்சின் இன்னும் பெருசா அலறுது. ரெண்டு பிரேக்கையும் அமுக்கி, முன் சக்கரம் தடுப்புக் கட்டையில மோதித்தான் நின்னுச்சு. பால் டின் தெறிச்சு ரோட்ல கொட்டிப்போச்சு.

காசிம் துப்பாக்கி என் நெஞ்சுக்கு நேரா இருந்துச்சு. அவர் விரல் விசை மேலயே இருந்துச்சு. அதைப் பார்த்துத்தான் எனக்கு உயிரே போயிடுச்சு.

"டிரஸ்ஸர்... இன்னும் ரெண்டடி வந்திருந்தா சுட்டிருப்பேன் லா. எனக்கும் வீட்ல புள்ளைங்க இருக்கு," ன்னார்.

விஷயம் தோட்டத்து மேனேஜர் துரை காதுக்குப் போச்சு. வண்டி முழுசா சரியாகாம கேட் பக்கமே வரக்கூடாதுன்னுட்டார். அந்த ரோட்ல தனியா நடக்கவும் தடை. போலீஸ் காவலோட லாரி போறது சனிக்கிழமைதான். அஞ்சலை வீட்ல இருந்த பால் அன்னைக்கு ராத்திரி வரைக்கும்தான் வரும். சனிக்கிழமை வரைக்கும் அந்தப் புள்ள தாங்காது. எனக்கு நல்லாத் தெரியும்.

சாயங்காலம் மருந்தகத்து வாசல்ல வண்டியைப் போட்டுட்டு முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்பதான் எறும்பைப் பார்த்தேன். முன் டயர்ல ஏறி, ஃபோர்க் கம்பி வழியா, வரிசையா வலது கைப்பிடிக்குப் போகுது. இடது கைப்பிடியில ஒண்ணுகூட இல்ல.

கைப்பிடியை உருவினேன். உள்ள பால் காஞ்சு பிசின் மாதிரி ஒட்டியிருக்கு. கேபிள் வாயிலயும் அதே. குழியில வண்டி குதிக்கும்போதெல்லாம் நான் கட்டின டின்னுதான் ஓட்டை வழியா சிந்தியிருக்கு. பட்டறைக்காரரை மனசுக்குள்ள திட்டாத நாளில்ல... பாவம், அவர் என்ன செய்வார்? மண்ணெண்ணெய்ல சீனி கரையுமா?

ஊசி கொதிக்க வைக்கிற பாத்திரத்துல தண்ணி காய வச்சேன். மாட்டு ஊசி அளவுக்கு ஒரு பெரிய சிரிஞ்ச் இருந்துச்சு. அதால கேபிள் உறைக்குள்ள வெந்நீரைப் பாய்ச்சினேன். முதல்ல வெள்ளையா வந்துச்சு, அப்புறம் தெளிஞ்சுது. ஈரம் போக மண்ணெண்ணெய், கடைசியா ரெண்டு சொட்டு எண்ணெய். அந்த வாடைதான் இது.

மறுநாள் புது டின். இந்தத் தடவை மருந்துப்பெட்டிக்குள்ள, ஒரு மங்குக் கிண்ணத்துல நிக்க வச்சு, சுத்திப் பஞ்சு அடைச்சேன். கேட்டுக்குப் பத்தடி முன்னாலயே நின்னு, இறங்கி, பெட்டியைத் திறந்து காட்டினேன். காசிம் ஓட்டையைப் பார்த்தார். அப்புறம் அவரே கைப்பிடியை முறுக்கி விட்டார். டக்குன்னு திரும்புச்சு.

"போ. புள்ள பசியா இருக்கும்," ன்னு கட்டையைத் தூக்கினார்.

இப்ப டோல் கேட்ல பேரன் கார் வேகம் குறையுற வரைக்கும் என் வலது கை தொடை மேல சும்மா முறுக்கித் திருப்பிக்கிட்டே இருக்கும். ஏன் தாத்தான்னு கேப்பான். வாதம்டான்னு சொல்லிடுவேன்.

அஞ்சலை இப்ப குருபோங்ல பேரப்பிள்ளைங்களோட இருக்கா. போன மாசம் என்னைப் பார்க்க வந்தா. என் மருமக நல்லா டின்பால் ஊத்தி ஒரு டீ கலக்கிக் கொண்டாந்து வச்சா.

"ஐயோ, எனக்குத் தே ஓ கோசோங் போதும்மா. பாலும் வேணாம், சீனியும் வேணாம். இனிப்புநீர் வியாதி," ன்னு அதைத் தள்ளி வச்சுட்டா.

நான் அவ பேரப்பிள்ளைங்களைப் பத்தி விசாரிச்சுப் பேச்சை மாத்திட்டேன். அந்தப் பாலுக்காகத் துப்பாக்கி முன்னாடி நின்ன கதையைச் சொன்னா... பாவம், எனக்காக அதைக் குடிச்சாலும் குடிச்சிடுவா.