விட்பியில் வாங்கிய கலக்கி

நான்கு வருடங்களுக்கு முன், ரொறன்ரோவில் குளிர் இறங்கத் தொடங்கிய ஒரு நவம்பர் மாதத்தில் ஆரம்பித்தது இது. அப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. மோர்னிங்சைட்டில் மகளின் வீட்டுக்கு அடுத்த வீதியில் நானும் மனைவியும் இருந்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். ஊரில் இரசாயனவியல் படிப்பித்தவன் நான். இங்கே வந்த பிறகு, ஓய்வு பெறும்வரை ஒரு பெயின்ற் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்தேன். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

என் சம்பந்தி, அதாவது மகளின் மாமனார், இளம் வயதிலிருந்து சிகரெட் பிடித்தவர். டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகு, இங்கே 'வேப்' என்று சொல்லும் மின்சிகரெட்டுக்கு மாறினார். அதில் ஊற்றும் திரவத்தைக் கடையில் வாங்குவார். ஆனால் அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"மாஸ்டர், சின்னப்பிள்ளையளின்ரை ரொபியைச் சப்புற மாதிரிக் கிடக்கு. இதுக்கு நான் சிகரெட்டையே பத்தலாம்" என்பார்.

அவர் என்னைச் சம்பந்தி என்று அழைத்ததே இல்லை. எப்போதும் மாஸ்டர்தான்.

நான் வாழ்நாளில் புகைத்ததில்லை. ஆனால் வேலை இல்லாத கைகள். அந்தத் திரவத்தைப் பலர் வீட்டிலேயே கலக்கிக்கொள்கிறார்கள் என்று வாசித்தேன். கிளிசரின், நிக்கொட்டின், கொஞ்சம் வாசனை, இவ்வளவுதானா என்று நினைத்தேன். முதலில் வாசனை போடாமல் செய்து கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, "ஏலக்காய் வாசம் போட ஏலாதோ மாஸ்டர்?" என்று கேட்டார்.

எங்கள் கடைகளில் இனிப்புப் பண்டங்களுக்குப் போடும் ஏலக்காய் எசன்ஸ் கிடைக்கும். வாங்கிவந்து திரவத்தில் நாலு சொட்டு விட்டுக் குலுக்கினேன். சிறிது நேரத்தில் வாசனை தனியாகப் பிரிந்து மேலே மிதந்தது. எசன்ஸ் போத்தலைத் திருப்பிப் பார்த்தேன். தாவர எண்ணெயில் கரைத்தது என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. வாசித்தேன். எண்ணெய் நுரையீரலுக்குள் போகக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும். நாலு சொட்டுத்தானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், ஆபத்தைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை. அது என் கையில் கலக்க மறுத்ததுதான் என்னை உறுத்தியது.

கையால் முடியாததை ஒரு கலக்கும் இயந்திரம் செய்யும் என்று நினைத்தேன். பரிசோதனைக்கூடக் கலக்கிகள் புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாதவை. பழையது ஏதும் கிடைக்குமா என்று இணையத்தில் தேடியபோது விட்பியில் ஓர் இடம் அகப்பட்டது. மூடப்படும் ஆய்வுக்கூடங்களின் சாமான்களை வாங்கி விற்கும் ஒரு பெண், எங்கள் ஆள்தான், நாற்பது வயதிருக்கும். கார் நிற்க வேண்டிய கராஜ் முழுக்கத் தராசுகளும் கண்ணாடிக் குவளைகளும்.

"வாங்கோ அங்கிள், பார்த்துக் காலை வையுங்கோ, வயர் கிடக்கு. என்ன கலக்கப் போறியள்?"

"சவர்க்காரம்" என்றேன். ஏன் பொய் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் அதுதான் வந்தது.

அவர் சிரித்தார். "வாற ஆக்கள் எல்லாரும் சவர்க்காரம் எண்டுதான் சொல்லுகினம். இவ்வளவு பேர் சோப்புச் செய்தால் ரொறன்ரோ எவ்வளவு சுத்தமாய் இருக்கவேணும்!"

முதலில் ஒரு காந்தக் கலக்கியைக் காட்டினார். தட்டின் மேல் குவளையை வைத்தால் உள்ளே போட்ட சின்னக் காந்தத் துண்டு சுழலும். மலிவு. எண்ணெய் சேராத ஒழுங்கான திரவம் செய்பவனுக்கு அது தாராளமாகப் போதும். என் கண் பக்கத்தில் இருந்த மற்றதில் போய் நின்றது. மெல்லிய உருக்குத் தண்டும் அதன் முனையில் நுண்ணிய பற்களும். சலாட்டுக்கு ஊற்றும் சோஸ் வகைகளைச் சோதிக்கும் கூடத்திலிருந்து வந்ததாம்.

"அது பொல்லாத சாமான் அங்கிள். எண்ணெயையும் தண்ணியையும் கட்டிப்பிடிக்க வைக்கும்."

"அதைத்தான் தாங்கோ பிள்ளை" என்றேன்.

திரும்பி வரும்போது அதைக் காரின் முன்சீற்றில் வைத்து பெல்ற்றும் போட்டுவிட்டேன். அவ்வளவு சந்தோசம்.

பேஸ்மென்ற்றில் வைத்து ஒரு தரம் ஓடவிட்டேன். திரவம் பால் போலக் கலங்கி, பிறகு ஒரே சீராகியது. மேலே ஒரு துளி எண்ணெய் இல்லை. மனைவி மேலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, பாயாசம் காய்ச்சிறியளோ?" என்று கேட்டாள். சம்பந்தி ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, "மாஸ்டர், இதெல்லோ சாமான்!" என்றார். அந்தச் சொல்லுக்காகவே அடுத்தடுத்துப் போத்தல்கள் செய்து கொடுத்தேன்.

தை மாதம் அவருக்கு இருமல் பிடித்தது. பிறகு காய்ச்சல், மூச்சு வாங்கல். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நிமோனியா என்று நினைத்து மருந்து ஏற்றினார்கள். குறையவில்லை. நான் பார்க்கப் போனபோது ஒட்சிசன் குழாய் மூக்கில் இருந்தது. மனைவிமார் கோப்பி வாங்கப் போன நேரம் பார்த்து அவர் என் கையைப் பிடித்தார்.

"டொக்டர் வேப்பைப் பற்றிக் கேட்டவ. கடைச் சாமான் எண்டு சொல்லிப்போட்டன். நீங்கள் பேசாமல் இருங்கோ மாஸ்டர். பிள்ளையளுக்குத் தெரிஞ்சால் வீண் கரைச்சல்."

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். மாமனாரை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர் உன் தகப்பன் என்று என் மகளைப் பார்த்து அந்த வீட்டில் யாராவது சொல்லிவிட்டால்? பின்னேரம் முழுவதும் கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். டாக்டர் வந்தார், மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார், நெற்றியைச் சுருக்கினார், போனார். நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த நாள் காலை மகள் போன் எடுத்தாள். மாமாவுக்கு இரவு வருத்தம் கூடிவிட்டது, செயற்கைச் சுவாசம் வைக்க வேண்டிவரலாம் என்று சொல்கிறார்கள் என்றாள். அழுதாள். போனை வைத்துவிட்டுப் பேஸ்மென்ற்றுக்கு இறங்கினேன். மிச்சம் இருக்கிற போத்தல்களை எறிந்துவிட வேண்டும் என்பதுதான் அப்போது என் எண்ணம். அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

அலுமாரித் தட்டில் பின்னால் இருந்த, முதல் நாட்களில் செய்த போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். மேலே மஞ்சளாக எண்ணெய் ஒரு வளையம் கட்டியிருந்தது. நான் ஒன்றாக்கியதாக நினைத்தது, சும்மா வைத்திருந்த வாரங்களில் தானாகப் பிரிந்து மேலே வந்திருந்தது. சம்பந்தியின் நெஞ்சுக்குள்ளும் அது அப்படித்தானே இருக்கும் என்று தோன்றியது. போத்தலை எறியவில்லை. கோட் பைக்குள் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் அறைக்குள் நின்றார். மகளும் சம்பந்தியின் மனைவியும் அங்கே இருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். தள்ளிப்போட்டால் மறுபடி வாய் மூடிவிடும் என்று பயந்து எல்லோர் முன்னாலும் சொன்னேன். நான்தான் செய்து கொடுத்தேன், அதில் சமையல் எண்ணெய் இருக்கிறது, தெரிந்துதான் போட்டேன் என்று முதலில் ஆங்கிலத்தில் டாக்டருக்கும், பிறகு தமிழில் சம்பந்தியின் மனைவிக்கும். டாக்டர் போத்தலை வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. எத்தனை மாதம், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு வேகமாக வெளியே போனார்.

மகள் என்னைப் பார்க்கவில்லை. சம்பந்தியின் மனைவிதான் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை.

"மாஸ்டர், நேற்றும் உந்தக் கதிரையிலதானே இருந்தனீங்கள்?"

"ஓம், இருந்தனான்" என்றேன்.

நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் எண்ணெய் இருந்தது. மருந்தை மாற்றினார்கள். செயற்கைச் சுவாசம் வைக்க வேண்டி வரவில்லை. அவர் தேறி வீடு வருவதற்குள் பனி முழுக்கக் கரைந்துவிட்டது. அவர் இப்போது எதையும் புகைப்பதில்லை. மகள் சில மாதங்கள் என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள். பிறகு பழையபடி ஆனாள். அவளை அந்த வீட்டில் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. சம்பந்தியும் நானும் மாலையில் நடக்கப் போகிறோம். ஏற்றமான இடத்தில் அவர் நின்று, யாருடைய வீட்டுத் தோட்டத்தையோ ரசிப்பது போலப் பார்ப்பார். மூச்சு வாங்குகிறது என்று சொல்லமாட்டார். நானும் நின்று அதே தோட்டத்தைப் பார்ப்பேன்.

போன கோடையில் கலக்கியை விற்க விளம்பரம் போட்டேன். பிக்கரிங்கிலிருந்து ஓர் இளம் தாய், முகத்துக்குப் பூசும் கிறீம் செய்ய வேண்டும் என்று வந்தார். கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அங்கிள், இதிலை முந்தி என்ன கலக்கினீங்கள்?" என்று கேட்டார். சவர்க்காரம் என்று சொல்லவில்லை. முழுவதையும் சொன்னேன். அவர் அதை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, நன்றி சொல்லிப் போய்விட்டார். கலக்கி இன்னும் பேஸ்மென்ற்றில்தான் இருக்கிறது.

எண்ணெயைக் கலக்கியது என் அகந்தை என்று சொல்லி ஆறுதல் அடையலாம். ஆனால் காரணம் தெரிந்தும், டாக்டர் வந்து போன அந்தப் பின்னேரம் முழுவதும் கதிரையில் பேசாமல் இருந்தவன் நான்தான். சம்பந்தியின் மனைவி கேட்டதும் அதைத்தான்.